ஆம் என்றால் ஒன்று

போடிமெட்டுச் சோதனைச்சாவடிக்குச் சற்று முன்னால், டீக்கடை ஓரமாகத் தங்கபாண்டி ஜீப்பை நிறுத்தியதும் கைபேசிகள் ஒவ்வொன்றாகச் சத்தம் எழுப்ப ஆரம்பித்தன. முந்தல் அடிவாரத்தில் மலை ஏறத் தொடங்கியதிலிருந்து டவர் கிடைக்காமல் ஊமையாகக் கிடந்தவை அவை. உச்சிக்கு வந்தவுடன், நேற்று வந்து யாரும் பார்க்காமல் விட்டதும் இன்று வழியில் தேங்கி நின்றதும் சேர்ந்து வந்து விழும். தங்கபாண்டி டீ குடித்துவிட்டு, சாவடியில் பேசிவிட்டு வரப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் பவதாரணி எல்லாவற்றையும் வாசித்து முடிக்க வேண்டும்.

ஜீப்பில் பதிமூன்று பெண்கள். எல்லோரும் மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர்கள். அவர்களில் ஆறு பேருக்கு வாசிக்கத் தெரியாது. மூன்று பேர் தெரிந்தும் கண்ணாடி இல்லாதவர்கள். பன்னிரண்டாவது முடித்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்தவள் பவதாரணி ஒருத்திதான் என்பதால் இந்த வேலை தானாக அவள் மடியில் வந்து விழுந்தது. ரேஷன் கடையில் பருப்பு வந்தது, கேஸ் சிலிண்டர் பதிவானது, பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று எது வந்தாலும் அவள்தான் சத்தமாக வாசிப்பாள். யாருக்கு வந்தாலும் எல்லோரும் கேட்பார்கள். சிரிப்பார்கள், ஆலோசனை சொல்வார்கள். ஒருவருடையது இன்னொருவர் காதில் விழக்கூடாது என்று யாரும் நினைத்ததில்லை. முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் வண்டியில் அப்படி நினைக்கவும் இடமில்லை.

பவதாரணி வாசிப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். அனுப்பியவர் பெயரை முதலில் சொல்வாள். பிறகு முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை ஒன்றையும் விடாமல் படிப்பாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், விளம்பரம் என்று நினைத்து ஒரு செய்தியை அவள் பாதியிலேயே தள்ளிவிட்டதில் வண்டியில் கூட வரும் ஒச்சம்மாவுக்கு மதுரை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த ஸ்கேன் தேதி தவறிப் போனது. மறுதேதி கிடைக்க இரண்டு மாதம் ஆனது. ஒச்சம்மா அதற்காக அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பவதாரணி மறந்திருப்பாள். அன்றிலிருந்து எதையும் விடுவதில்லை.

அந்தக் கார்த்திகை மாத வியாழக்கிழமை, நான்காவதாக முனியாயியின் கைபேசி வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லாமல் வெறும் எண்ணாக இருந்தது. பவதாரணி எண்ணைச் சொன்னாள். பிறகு வாசித்தாள்.

"வணக்கம். கடந்த முறை நீங்கள் மனம் திறந்து பேசியதற்கு நன்றி. உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுவதாக அன்று சொன்னீர்கள். அந்த எண்ணம் இன்றும் இருக்கிறதா? ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு என்று பதில் அனுப்புங்கள்."

'உயிரோடு' என்ற சொல்லிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை. இரண்டு வருடப் பழக்கம் அதைக் கடைசிப் புள்ளி வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஒச்சம்மாதான் முதலில் சிரித்தாள். "ஏ முனியாயி, நீ உசுரோட இருக்கியான்னு கம்பெனிக்காரன் கேக்குறான். சாயங்காலம் காய நிறுக்குற வரைக்கும் இருப்பேன்னு சொல்லு."

"இல்ல, போயிருச்சுன்னு சொல்லு. நாளைக்கி ஜீப்புல எடம் கெடைக்கும்" என்றது பின்சீட்டு.

முனியாயியும் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கண் மட்டும் வேறு எங்கோ போய்த் திரும்பியது. "சாயங்காலமானா போனு நெலாகிட்டல்ல இருக்கு" என்றாள். தனக்குள் கணக்குப் பார்க்கிறவள் போலத்தான் சொன்னாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. சிரிப்பு ஒவ்வொரு முகமாக இறங்கியது.

நிலா முனியாயியின் ஒரே மகள். பதினெட்டு முடிந்திருந்தது. பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் வாங்கி, தேனியில் ஒரு கல்லூரியில் சேர்ந்து, இரண்டே மாதத்தில் நின்றுவிட்டாள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் தலைவலி என்றாள், பிறகு பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. சும்மா இருக்கக்கூடாது என்று அவளுடைய அப்பா ஜக்கையன், உரக்கடை மாடியில் நடக்கும் மாலைநேரக் கம்ப்யூட்டர் வகுப்பில் கொண்டுபோய் விட்டார். தோட்டத்து வேலை முடிந்து பவதாரணியும் படித்த வகுப்பு அது. ஒரு வாரம் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்கள். ஒருநாள் தட்டச்சுப் பயிற்சிக்கு நடுவே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நிலா சொன்னாள்: "அக்கா, காலையில முழிப்பு வந்த ஒடனே, இன்னைக்கும் எந்திரிச்சிட்டமேன்னு இருக்கு."

 எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லப் பவதாரணி வாயெடுத்தாள். அது தனக்கே பொய்யாகப் பட்டதால் விழுங்கிவிட்டாள். வகுப்பறைக் கதவின் பின்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இளைஞர்கள் மனம் விட்டுப் பேச இணையவழிச் சேவை, பேச வேண்டாம், எழுதினால் போதும், உங்கள் ரகசியம் காக்கப்படும் என்று இருந்தது. வகுப்பு முடிந்து மாடிப்படியில் உட்கார்ந்து, முனியாயியின் கைபேசியிலேயே அதைத் திறந்தார்கள். வீட்டில் இருந்தது அந்த ஒரு கைபேசிதான். பகலில் அம்மாவோடு மலைக்குப் போகும், மாலையில் மகளிடம் வரும். முதலில் ஒரு படிவம் வந்தது. நிலா அதைப் பார்த்துச் சோர்ந்துபோய் நீங்களே போடுங்கக்கா என்று கொடுத்துவிட்டாள். பவதாரணி எந்தக் கட்டத்தையும் காலியாக விடவில்லை. பின்னர் நலம் விசாரித்துச் செய்தி அனுப்பலாமா? ஆம். எந்த நேரம்?

அங்கேதான் சற்று யோசித்தாள். மாலையில் அனுப்பினால் ஜக்கையன் கண்ணில் படலாம். மகள் படிப்பை விட்டதையே தெருவில் தலை காட்ட முடியாத காரியமாக நினைக்கிற மனிதர். காலையில் என்றால் கைபேசி முனியாயியிடம் இருக்கும். முனியாயிக்கு வாசிக்கத் தெரியாது. வந்ததை வாசிக்கப்போவது தான்தான். சேவையின் பெயரைப் பார்த்தவுடன் வாய் திறக்காமல் தள்ளிவிட்டு, மாலையில் நிலாவிடம் சொல்லிவிடலாம். இவ்வளவையும் யோசித்துத்தான் 'காலை' என்று போட்டாள். நல்ல யோசனை என்று தன்னை மெச்சிக்கொள்ளவும் செய்தாள். பிறகு நான்கு படி கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டாள். மேலே நிலா முக்கால் மணி நேரம் எழுதிக்கொண்டே இருந்தாள். எழுந்து வந்தபோது முகம் அழுது வீங்கியிருந்தாலும், வழியில் ஒரு பாக்கெட் வறுகடலை வாங்கினாள். பல நாளுக்குப் பிறகு அவள் கேட்டு வாங்கித் தின்றது அதுதான்.

அடுத்து வந்த இரண்டு காலையும் பவதாரணி கவனமாக இருந்தாள். ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் கவனம் தளர்ந்தது. இது ஐந்தாம் நாள். ரகசியத்தைக் காப்பதற்காகவே சேவையின் பெயர் இல்லாமல் வெறும் எண்ணிலிருந்து அனுப்புவார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது பன்னிரண்டு பேரும் முனியாயியைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டப் போடு ஆத்தா" என்றாள் முனியாயி.

"அத்தே, இது வந்து..."

"இல்லைன்னா ரெண்டுதான சொன்ன? ரெண்டப் போடு. வண்டியில ஏறுனதுலருந்து இதே சோலியாப் போச்சு."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் பவதாரணியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஊரில் இருக்கும் தன் அம்மாவுக்குப் போன் போட்டு நிலாவைப் போய்ப் பார்க்கச் சொல்லட்டுமா என்று பவதாரணி மெதுவாகக் கேட்டதும் அந்தப் பிடி இறுகியது. ஊருக்கு ஒண்ணுஞ் சொல்லாத என்று மட்டும் வந்தது பதில். தங்கபாண்டி வந்து ஏறி இஞ்சினைக் கிளப்பினான். எல்லோரும் காத்திருந்தார்கள். இரண்டு என்று போட்டால் இந்த நிமிடம் முடியும், வண்டி நகரும், யாராவது வேறு பேச்சு எடுப்பார்கள். பவதாரணி இரண்டைத் தட்டி அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. என்ன வந்துச்சு என்றாள் முனியாயி.

"சந்தோசம்னு வந்திருக்கு அத்தே."

அதில் இரண்டு வாக்கியம் இருந்தது. மகிழ்ச்சி என்பது முதலாவது. உங்கள் உரையாடல் இத்துடன் நிறைவடைகிறது என்ற இரண்டாவதை அவள் வாசிக்கவில்லை. ஒச்சம்மாவின் ஸ்கேனுக்குப் பிறகு அவள் வாசிக்காமல் விட்ட முதல் வாக்கியம் அது.

தோட்டத்தில் டவர் கிடையாது. முந்தின நாள் மழையில் மண் சொதசொதவென்று கிடந்தது. ஏலச்செடியின் அடியில் குனிந்து, தரையோடு படர்ந்திருக்கும் காய்ச்சரத்தைத் தூக்கி, விளைந்த காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். பிஞ்சில் கைபட்டால் போச்சு. பவதாரணியின் விரல்கள் அதைத் தாமாகவே செய்யும். அன்று இரண்டு முறை பிஞ்சைக் கிள்ளிக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். மேற்பார்வை பார்க்கிற ஆள் பாதி மலையாளத்தில் ஏதோ திட்டிவிட்டுப் போனான்.

கைபேசி இங்கே இருக்கிறது, நிலா கீழே இருக்கிறாள். அவளுக்கு அந்தச் சேவையில் இருப்பவர்களிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்று இந்த நிமிடம் தோன்றினாலும் சொல்ல வழியில்லை. அவர்கள் கேட்டதும் அவளுக்குத் தெரியாது, அவளுக்காக வேறு ஒருத்தி பதில் சொன்னதும் தெரியாது. இனி அவர்கள் கேட்கப் போவதுமில்லை. பவதாரணி இதையே திரும்பத் திரும்ப முதலிலிருந்து நினைத்துப் பார்த்தாள். எந்த இடத்தில் வேறு மாதிரிச் செய்திருக்கலாம் என்று தேடினால் எல்லா இடத்திலும் செய்திருக்கலாம் என்றுதான் வந்தது.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு முனியாயி தன் செடி நிரையை விட்டு அவள் நிரைக்கு வந்தாள். பக்கத்தில் குனிந்து காய் எடுத்தாள்.

"சாகணும்னா சொல்லுச்சு?"

பவதாரணி மாடிப்படியில் நடந்ததைச் சொன்னாள். நிலா அவர்களிடம் என்ன எழுதினாள் என்று தனக்குத் தெரியாது என்றாள். தன்னிடம் சொன்ன அந்த ஒன்றை மட்டும் சொன்னாள், காலையில் விழித்ததும், இன்றைக்கும் எழுந்துவிட்டோமே என்று இருப்பதை.

முனியாயி கையில் இருந்த சரத்தை விடாமல் பார்த்தாள். "நானுந்தான் அப்புடி எந்திரிச்சிருக்கேன். எத்தனையோ நாளு. அஞ்சு மணி ஜீப்பு வந்துரும்னு வெரசா அடுப்பப் பத்த வைப்பேன், அது பாட்டுக்குப் போயிரும். அதுக்கு ஒரு பேரு இருக்குன்னு எனக்குத் தெரியாது."

 நேரத்தைக் காலை என்று போட்டது யார் என்று முனியாயி கேட்டாள். நான்தான் என்றாள் பவதாரணி. ஏன் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். எதையாவது முழுதாகச் சொல்லிவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தாள். ஆறவில்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாது, எங்கையில இருந்தா பயமில்லைன்னு நெனச்சீகளாக்கும்" என்றாள் முனியாயி. கோபமாகச் சொல்லவில்லை. இப்போதுதான் தெரிந்துகொண்டவள் மாதிரி சொன்னாள். பையைத் தூக்கி இடுப்பில் இறுக்கிக்கொண்டு இரண்டு செடி தள்ளிப் போனவள் திரும்பி நின்றாள்.

"ரெண்டுன்னு நாஞ் சொன்னேன். அத்தன பேரு பாத்துக்கிட்டு இருந்தாக, வாயில அதுதான் வந்துச்சு. நீ வாசிச்சவ. நீ ஏன் ஆத்தா போட்ட?"



நாலரை மணிக்குக் காயை நிறுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்கள். போடிமெட்டுக்கு வந்தபோது பனிமூட்டமாக மஞ்சு இறங்கி, சாவடி விளக்கு மங்கலாகத் தெரிந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே முனியாயி கைபேசியைப் பவதாரணி மடியில் வைத்தாள். "ஒண்ணப் போடு" என்றாள்.

பவதாரணி ஒன்றைப் போட்டாள். இந்த உரையாடல் முடிந்துவிட்டது, புதிதாகத் தொடங்க ஐந்தை அனுப்புங்கள் என்று வந்தது. ஐந்தை அனுப்பிவிட்டு, தன் கைபேசியில் அம்மாவை அழைத்து நிலா வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். ஏன் எதற்கு என்று அம்மா கேட்க ஆரம்பித்ததும், போம்மா என்று அவள் போட்ட அதட்டல் அவளுக்கே புதிதாக இருந்தது. ஒரே தெரு, ஏழு வீடு தள்ளி. அம்மா தொடர்பை வெட்டாமலே நடந்தாள். செருப்புச் சத்தம், நாய் குரைப்பது, யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அம்மா பேசுவது எல்லாம் கேட்டது.

"வீடு பூட்டிக் கெடக்குடீ. மத்தியானத்துலருந்தே பூட்டித்தான் கெடக்காம். சாவி சன்னக் கட்டையில இல்ல."

வெளியே போனால் அம்மாவுக்காகச் சாவியைச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போவது நிலாவின் வழக்கம். பவதாரணி அம்மா சொன்னதை முனியாயிக்கு அப்படியே திருப்பிச் சொன்னாள். ஜக்கையன் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் காவல் வேலையில் இருந்தார். அவரிடம் கைபேசி கிடையாது. கிட்டங்கிக்குப் போய்ச் சொல்லச் சொல்லி அம்மாவை அனுப்பினாள். வகுப்பு மாஸ்டரை அழைத்தாள். நிலா வரவில்லை, வகுப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்றார். ஒருவேளை சீக்கிரம் கிளம்பிக் கடைத்தெருவில் நிற்கலாம், சாவியை மறந்து பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம் என்று பவதாரணி சொல்லிக்கொண்டே இருந்தாள். 

அவள் மடியில் கைபேசி அதிர்ந்தது.

"என்னா சொல்றாக?"

பவதாரணி முதல் எழுத்திலிருந்து வாசித்தாள். "நீங்கள் தொடர்புகொண்டதற்கு நன்றி. எங்கள் ஆலோசகர்கள் அனைவரும் வேறு இளைஞர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு முன்னால் முப்பத்தெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். தயவுசெய்து இணைப்பிலேயே இருங்கள்."

"முப்பத்தெட்டுப் பேரா" என்றாள் முனியாயி. "எல்லாம் நெலா மாதிரிப் புள்ளைகளா?"

"ஆமா அத்தே."

 எப்போதும் முதல் ஆளாக வாய் திறக்கும் ஒச்சம்மா முந்தானையால் வாயை மூடியிருந்தாள். தங்கபாண்டி விஷயம் என்னவென்று கேட்கவில்லை, ஆனால் டீயும் குடிக்கப் போகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பின்னால் திரும்பி முனியாயியைப் பார்த்தான். முப்பத்தெட்டு முப்பத்தேழானது. கொஞ்ச நேரம் கழித்து முப்பத்தாறானது. இங்கேயே நின்றால் டவர் இருக்கும், வரிசை நகரும், ஒரு மணி நேரத்திலோ இரண்டு மணி நேரத்திலோ யாரோ ஒருவர் வணக்கம் சொல்வார். அவரிடம் என்ன கேட்பது? நிலா எங்கே என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் நிலா கடைசியாக முக்கால் மணி நேரம் பேசியது அங்கேதான். வேறு யாரிடமும் அவள் அவ்வளவு பேசியதில்லை.

"வண்டியக் கீழ எறக்கு தம்பி" என்றாள் முனியாயி. "வெரசா எறக்கு."

வண்டி நகர்ந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த முனியாயி, பவதாரணி மடியிலிருந்து கைபேசியை எடுத்து, கையை வெளியே நீட்டி மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். முதல் வளைவு திரும்புவதற்குள் டவர் போய்விட்டது.

"மதினி, கைய உள்ள எடு" என்றான் தங்கபாண்டி. "எதுக்க பஸ்சு வரும்."

அவள் எடுக்கவில்லை. கையை இன்னும் இரண்டு விரற்கடை உயர்த்தினாள். தங்கபாண்டி அதற்கு மேல் சொல்லாமல், ஒவ்வொரு வளைவிலும் நீளமாக ஆரன் அடித்துக்கொண்டு, வண்டியை மலைப் பக்கமாகவே ஒட்டி ஓட்டினான். மஞ்சு கிழிந்த இடங்களில் கீழே போடியின் விளக்குகள் தெரிந்தன. வளைவு திரும்பியதும் மறைந்தன. ஈரக்காற்றில் முனியாயியின் சேலைத் தலைப்பு பவதாரணியின் முகத்தில் அடித்தது. சற்று நேரத்தில் கைபேசித் திரை இருண்டது. பவதாரணி எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே எக்கி அதைத் தொட்டாள். வெளிச்சம் வந்தது. முப்பத்தாறு. அடுத்த வளைவில் மறுபடி இருண்டது. அவள் மறுபடி எக்கித் தொட்டாள்.